கடலுக்குள் ஒரு கைமாற்று: பாசியிலிருந்து பாக்டீரியாவுக்குப் போகும் கந்தகத்தைப் பின்தொடர முழுமையான வழிகாட்டி

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிற மாணவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "கடல்ல சல்ஃபேட்டுக்கு என்ன பஞ்சம்ண்ணா? லிட்டருக்கு ரெண்டரை கிராமுக்கு மேல இருக்கு. அப்புறம் எதுக்கு பாக்டீரியா பாசிகிட்ட போயி கந்தகம் கேட்டு நிக்குது?"

கேட்க வேண்டிய கேள்விதான். வீடு நிறைய அரிசி மூட்டை அடுக்கியிருந்தாலும் பசித்தவனுக்கு வேண்டியது சோறு. கடல்நீரில் கரைந்திருக்கும் சல்ஃபேட் அரிசி மாதிரி. அதில் கந்தகம் முழுக்க ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில் இருக்கிறது. ஒரு செல் அதைப் புரதத்தில் சேர்க்க வேண்டுமானால், ஒவ்வொரு கந்தக அணுவுக்கும் 8 எலக்ட்ரான்கள் கொடுத்து, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியையும் செலவழித்து, சல்ஃபைடு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதுதான் சமையல். அடுப்பு எரிக்கச் சூரிய ஒளி வைத்திருப்பவை தாவர மிதவைகள், அதாவது கடல்நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகள். பாக்டீரியாக்களில் பல, அவை சமைத்ததை வாங்கித் தின்றே காலம் தள்ளுகின்றன.

இந்த வழிகாட்டி கடலியல், நுண்ணுயிரியல் படிக்கிற முதுகலை மாணவர்களையும், ஆய்வில் முதல் வருடத்தில் இருப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. ஆர்வத்துக்காகப் படிப்பவர்கள் 4, 5, 6 ஆகிய படிகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகரலாம். ஆனால் 5-ஐ முழுசாகத் தாண்டிவிடாதீர்கள், இந்தத் துறையில் பல வருடம் எல்லோரும் சறுக்கிய இடம் அது.

படி 1: முதலில் மூக்கால் தெரிந்துகொள்ளுங்கள்

கருவி எதுவும் வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். மண்டபம், ராமேசுவரம் பக்கம் கரையோரப் பாறைகளில் மெல்லிய பச்சைத் தாள் போல ஒட்டிக்கிடக்கும் உல்வா பாசி ஒரு கைப்பிடி போதும். நல்ல தண்ணீரில் அலசாதீர்கள், கடல்நீரிலேயே மணலைப் போக்குங்கள். விரல் நீளத் துண்டு ஒன்றை மூடியுள்ள சிறிய கண்ணாடிக் குப்பியில் போட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் சில மில்லி ஊற்றி இறுக மூடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து, குப்பிக்குள் மூக்கை விடாமல், கையால் காற்றை விசிறி முகர்ந்து பாருங்கள்.

முட்டைக்கோஸ் வெந்த வாடையும் டின்னில் அடைத்த மக்காச்சோள வாடையும் கலந்து வரும். அதுதான் டைமெத்தில் சல்ஃபைடு, சுருக்கமாக டிஎம்எஸ். பாசிக்குள் அது இந்த வடிவில் இருக்கவில்லை. உள்ளே இருந்தது டைமெத்தில்சல்ஃபோனியோபுரோபியோனேட். இந்தப் பெயரை ஒரு தடவைக்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை, இனி டிஎம்எஸ்பி. காரம் பட்டவுடன் ஒரு டிஎம்எஸ்பி மூலக்கூறு உடைந்து சரியாக ஒரு டிஎம்எஸ் மூலக்கூறைத் தருகிறது. ஒன்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். 5-ஆம் படியில் அளக்கப்போவது இதை வைத்துத்தான்.

டிஎம்எஸ்பியை 1948-இல் அடையாளம் காட்டியவர்கள் பிரிட்டனின் சாலஞ்சரும் சிம்ப்சனும். அவர்கள் எடுத்தது பாலிசைஃபோனியா என்ற சிவப்புப் பாசி. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பாசி எப்படி டிஎம்எஸ்பி செய்கிறது என்ற வழித்தடம் 1997-இல் வெளிவந்தபோது, அதற்கு உதவியது அப்போது என்டரோமார்ஃபா என்று அழைக்கப்பட்ட பச்சைப் பாசி. இன்று அதையும் உல்வா பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். உங்கள் குப்பியில் கிடப்பதற்கு நெருங்கிய சொந்தம்.

படி 2: யார் சமைக்கிறார், யார் வாங்குகிறார்

எல்லாத் தாவர மிதவைகளும் டிஎம்எஸ்பியைக் குவித்து வைப்பதில்லை. சுண்ணாம்புத் தகடு போர்த்திய எமிலியானியா ஹக்ஸ்லேயி, கூட்டமாக நுரை கட்டும் ஃபியோசிஸ்டிஸ், டைனோஃபிளாஜெல்லேட்டுகள் ஆகியவை பெரும் உற்பத்தியாளர்கள். எமிலியானியாவின் செல்லுக்குள் நூற்றுக்கணக்கான மில்லிமோலார் செறிவில் டிஎம்எஸ்பி இருக்கும். சிலிக்கா ஓடு கொண்ட டயாட்டங்கள் பொதுவாகக் குறைவாகவே வைத்திருக்கின்றன. புரோகுளோரோகாக்கஸ் போன்ற நீலப்பசும் நுண்ணுயிரிகளிடம் இருப்பது அதைவிடச் சொற்பம்.

எதற்காக இத்தனை சேர்த்து வைக்கிறது? செல்லுக்குள்ளிருந்து தண்ணீரை உறிஞ்சும் உப்புநீரின் இழுப்பைச் சமாளிக்க என்பது பாடப்புத்தக விடை. அதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அதே வேலையைச் செய்யும் கிளைசின் பீட்டைனில் நைட்ரஜன் உண்டு. கடலின் மேல்மட்டத்தில் நைட்ரஜனுக்குத்தான் பஞ்சம், கந்தகத்துக்கு இல்லை. எனவே பஞ்சப் பொருளை மிச்சப்படுத்த, மலிந்த பொருளைப் பயன்படுத்துகிறது. டிஎம்எஸ்பியும் அது உடைந்து வருபவையும் செல்லுக்குள் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தணிக்கின்றன என்ற விளக்கம் 2002-இல் வந்தது. இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்றில்லை.

வாங்குபவர் பட்டியலில் முதலிடம் எஸ்ஏஆர்11 குழுவுக்கு. சர்காசோ கடல் நீரிலிருந்து 1990-இல் மரபணு வரிசையாக மட்டும் தெரியவந்து, 2002-இல்தான் ஆய்வகத்தில் வளர்க்க முடிந்த இந்தப் பாக்டீரியாக்கள், கடலின் மேல்மட்ட பாக்டீரியா செல்களில் பெரும் பங்கு. சல்ஃபேட்டைச் சமைக்கத் தேவையான மரபணுக்களே இவற்றிடம் கிடையாது என்று 2008-இல் தெரிந்தது. சல்ஃபேட் கடலிலேயே மிதந்துகொண்டு, அதில் ஒரு அணுவைக்கூடச் சொந்தமாகப் பயன்படுத்தத் தெரியாது. டிஎம்எஸ்பியோ மெத்தியோனினோ வெளியிலிருந்து வந்தால்தான் வளரும். கடல்நீரில் சல்ஃபேட் 28 மில்லிமோலார், கரைந்த டிஎம்எஸ்பி பல இடங்களில் வெறும் சில நானோமோலார். ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு குறைவாக இருக்கும் பொருளை நம்பிப் பிழைப்பு நடத்துகிறது.

அடுத்தவர், ரோசியோபாக்டர் குழு. இதில் ரூஜீரியா பொமராயியைத்தான் இந்த வழிகாட்டியில் அதிகம் சந்திப்பீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா கடலோர நீரில் டிஎம்எஸ்பியைத் தீனியாகக் கொடுத்துப் பிரித்தெடுத்தது. ஆய்வகத்தில் வளர்ப்பது சுலபம், மரபணு மாற்றமும் செய்யலாம்.

படி 3: பண்டங்களைப் பிரித்துப் பாருங்கள்

டிஎம்எஸ்பி பாக்டீரியாவுக்குள் போனதும் இரண்டு பாதைகள் பிரிகின்றன.

முதல் பாதையில் ஒரு மெத்தில் தொகுதி கழற்றப்படுகிறது. கடைசியில் மெத்தேன்தயோல் வருகிறது, அதிலிருந்து மெத்தியோனின் கட்டலாம். கந்தகம் வீட்டிலேயே தங்குகிறது. முதல் வெட்டைச் செய்யும் டிஎம்டிஏ மரபணுவை 2006-இல் மேரி ஆன் மோரனின் ஜார்ஜியா பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. மீதிப் படிகள் 2011-இல் தெளிவாயின.

இரண்டாவது பாதையில் டிஎம்எஸ்பி பிளக்கப்பட்டு டிஎம்எஸ் வெளியே போகிறது. பாக்டீரியா கரியை (கார்பனை) வைத்துக்கொண்டு கந்தகத்தை விட்டுவிடுகிறது. இதற்கான நொதிகள் ஒன்றல்ல, ஒரு பட்டாளமே இருக்கிறது. இங்கிலாந்தின் நார்விச்சில் ஆண்ட்ரூ ஜான்ஸ்டன் குழு 2007-இல் முதலாவதை அறிவித்தது. அதன்பின் டிடிடி என்று தொடங்கும் பெயர்கள் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போகின்றன. பாசிக்கும் சொந்தமாக ஒரு நொதி உண்டு. எமிலியானியாவில் ஆல்மா1 என்ற அதை 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் கண்டுபிடித்தார்கள்.

எந்த நேரத்தில் எந்தப் பாதை? பாக்டீரியாவுக்குக் கந்தகம் தேவைப்படும்போது முதல் பாதை, தேவைக்கு மேல் டிஎம்எஸ்பி கொட்டும்போது இரண்டாவதும் திறக்கும் என்பது நெடுநாள் ஊகம். ரூஜீரியாவின் மரபணுக்களோடு ஒளிரும் புரதங்களைக் கோத்து, ஒவ்வொரு செல்லாகப் பார்த்த 2020 ஆய்வு இந்த ஊகத்துக்குச் சாதகமாகவே வந்தது. செறிவு கூடக்கூட, பிளக்கும் பாதை மேலேறுகிறது. வாளி நீரின் சராசரிச் செறிவை வைத்து மட்டும் பேசக்கூடாது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். பாசி செல்லின் தோலை ஒட்டி நீந்தும் பாக்டீரியாவும், அரை மில்லிமீட்டர் தள்ளி மிதக்கும் பாக்டீரியாவும் ஒரே கடலில் இல்லை.

இதுவரை டிஎம்எஸ்பி கதை. டயாட்டங்களிடம் அது குறைவு என்றேன், ஆனால் அவை வெறுங்கையோடு நிற்கவில்லை. டைஹைட்ராக்ஸிபுரோப்பேன் சல்ஃபோனேட், அதாவது டிஎச்பிஎஸ், அவற்றின் செல்லுக்குள் மில்லிமோலார் அளவில் கிடக்கிறது. டாரின், ஐசெத்தியோனேட் என்ற சல்ஃபோனேட்டுகளும் இந்தச் சந்தையில் உண்டு.

இங்கே என் அரிசி-சோறு உவமை கொஞ்சம் இடிக்கும். சல்ஃபோனேட்டில் இருக்கும் கந்தகம் ஆக்சிஜனோடு ஒட்டியே இருக்கிறது, முழுக்க வெந்ததல்ல. ரூஜீரியா டிஎச்பிஎஸ்ஸைத் தின்னும்போது கரியை எடுத்துக்கொண்டு, கந்தகத்தைச் சல்ஃபைட் (ஆக்சிஜன் ஒட்டிய வடிவம், முன்பு பார்த்த சல்ஃபைடு அல்ல) ஆக்கிக் கழித்துவிடுகிறது. அந்தப் பேரத்தில் கந்தகம் சோறு அல்ல, சோறு வந்த பார்சல் டப்பா. ஆய்வேட்டில் எழுதும்போது இந்த வேறுபாட்டைக் குழப்பிவிடாதீர்கள். தேர்வாளர்கள் கேட்கிறார்கள்.

படி 4: இருவரை ஒரே குடுவையில் குடிவையுங்கள்

தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் ஜோடி: தலாசியோசிரா சூடோநானா என்ற டயாட்டமும் ரூஜீரியா பொமராயியும். இரண்டின் முழு மரபணுத் தொகுதியும் வெளிவந்தது ஒரே வருடம், 2004. இரண்டும் பொதுச் சேகரிப்பு நிலையங்களில் கிடைக்கும். இறக்குமதி அனுமதிக்கான காகிதங்களை மட்டும் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடுங்கள்.

இந்த ஜோடியின் பேரம் எளிமையானது. டயாட்டத்துக்கு வைட்டமின் பி12 இல்லாமல் மெத்தியோனின் செய்ய வராது, பி12-ஐச் சொந்தமாகத் தயாரிக்கவும் தெரியாது. ரூஜீரியாவுக்குத் தெரியும். பி12 இல்லாத ஊடகத்தில் (வளர்ப்புக் கரைசலில்) இரண்டையும் சேர்த்து வளர்த்தபோது டயாட்டம் பிழைத்தது. பாக்டீரியாவில் டிஎச்பிஎஸ்ஸைச் சிதைக்கும் மரபணுக்கள் பெரிய அளவில் விழித்துக்கொண்டன. 2015-இல் வெளியான முடிவு இது. வைட்டமினைக் கொடுத்துக் கந்தகம் ஒட்டிய கரியை வாங்கும் பண்டமாற்று.

செய்முறைக்கு வருவோம்.

டயாட்டம் வளர்க்க எல்லோரும் பயன்படுத்தும் எஃப்/2 ஊடகத்தில் பி12 ஏற்கெனவே இருக்கிறது. வைட்டமின் கலவையை மொத்தமாக ஊற்றாதீர்கள். தயமின், பயோட்டின் இரண்டையும் தனியாகச் சேர்த்து பி12-ஐ விட்டுவிடுங்கள். சிலிக்கேட் மறக்கக்கூடாது, டயாட்டத்தின் ஓடு அதில்தான். நீர் செயற்கைக் கடல்நீராக இருக்கட்டும். இயற்கைக் கடல்நீரை எவ்வளவு வடிகட்டினாலும் அதில் ஏற்கெனவே கரைந்திருக்கும் பி12-உம் டிஎம்எஸ்பியும் உங்களோடு வரும்.

டயாட்டத்தில் பாக்டீரியா ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அடுத்தது. வளமான ஊடகத்தில் ஒரு சொட்டு விட்டு, கலங்கவில்லை என்றால் சுத்தம் என்று முடிவு கட்டுவார்கள். அது போதாது. அந்த ஊடகத்தில் வளராத கடல் பாக்டீரியாக்கள் ஏராளம். டிஎன்ஏவில் ஒட்டும் சாயமிட்டு, ஒளிரும் நுண்ணோக்கியில் கண்ணால் பாருங்கள். டயாட்டங்களுக்கு நடுவே பொட்டுப் பொட்டாகப் பச்சையோ நீலமோ தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து.

பிறகு டயாட்டத்தைப் பட்டினி போடுங்கள். பி12 இல்லாத ஊடகத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதாது, செல்லுக்குள் சேமிப்பு இருக்கும். அடுத்தடுத்து மாற்றி, வளர்ச்சி தெளிவாகத் தளரும்வரை பொறுங்கள்.

ரூஜீரியாவை ஈஸ்ட் சாறு கலந்த ஊடகத்தில் வளர்ப்பது வழக்கம். ஈஸ்ட் சாற்றில் மெத்தியோனினும் வைட்டமின்களும் கொட்டிக்கிடக்கின்றன. அப்படியே ஒரு மில்லி ஊற்றினால் பாக்டீரியா தந்ததா, ஈஸ்ட் தந்ததா என்று கடவுளுக்குத்தான் தெரியும். மையவிலக்கியில் சுற்றி, செயற்கைக் கடல்நீரில் மூன்று முறையாவது கழுவுங்கள்.

குடுவைகள் குறைந்தது ஐந்து வகை, ஒவ்வொன்றிலும் மூன்று. பி12 கொடுத்த டயாட்டம். பி12 கொடுக்காத டயாட்டம். பி12 இல்லாமல் உயிருள்ள பாக்டீரியாவோடு டயாட்டம். பி12 இல்லாமல் சூட்டில் கொன்ற பாக்டீரியாவோடு டயாட்டம். வெறும் ஊடகத்தில் பாக்டீரியா. நான்காவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். செத்த பாக்டீரியாவிலிருந்து கசியும் பி12-ஏ டயாட்டத்தைச் சில நாள் தாங்கும். அந்தக் குடுவை இல்லாமல் "பரிமாற்றம்" என்ற சொல்லை எழுத உங்களுக்கு உரிமையில்லை.

18 முதல் 20 டிகிரி வெப்பம், ஒரே சீரான ஒளி. தினமும் ஒரே நேரத்தில் மாதிரி எடுங்கள். டயாட்டங்களை எண்ணும் கண்ணாடியில் எண்ணுங்கள், பாக்டீரியாவைத் தட்டில் பரப்பிக் காலனிகளாக எண்ணுங்கள்.

படி 5: வடிகட்டும்போது கையை அடக்குங்கள்

கரைந்த டிஎம்எஸ்பியை அளக்க, செல்களை வடிகட்டி எடுத்துவிட்டு மீதி நீரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்க எளிது. நானும் அப்படித்தான் முதல் வருடத்தில் உறிஞ்சு பம்பைப் போட்டு ஐந்தே நிமிடத்தில் அத்தனை மாதிரிகளையும் முடித்தேன். எண்கள் பிரமாதமாக வந்தன. பாசி இப்படிக் கொட்டிக் கொடுக்கிறதே என்று இரண்டு வாரம் பூரித்துப்போயிருந்தேன். ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, இது பாசி கொடுத்ததா, நீ புடுங்குனதா?"

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். எமிலியானியா செல்லின் விட்டம் 5 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு ஏறத்தாழ 65 கன மைக்ரோமீட்டர். உள்ளே 150 மில்லிமோலார் டிஎம்எஸ்பி இருந்தால் ஒரு செல்லில் சுமார் 10 ஃபெம்டோமோல். ஒரு மில்லியில் 1,000 செல்கள் இருக்கின்றன என்றால், எல்லாம் சேர்ந்து 10 நானோமோலார். இப்போது வடிதாளில் பத்தில் ஒரு செல் உடைந்தாலே நீரில் 1 நானோமோலார் கூடிவிடும். திறந்த கடலில் உண்மையில் கரைந்திருக்கும் டிஎம்எஸ்பியே ஒன்றிரண்டு நானோமோலார்தான் என்றால், நீங்கள் அளப்பதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை உங்கள் பம்பின் கைங்கரியம்.

துறையே இந்தக் குழியில் பல வருடம் கிடந்தது. ரொனால்ட் கீனும் டோரிஸ் ஸ்லேசக்கும் 2006-இல் புவியீர்ப்பால் மட்டும் சொட்டவிடும் முறையை முன்வைத்தபோது, கரைந்த டிஎம்எஸ்பி பழைய எண்களைவிட வெகுவாகக் குறைவு என்று தெரிந்தது.

அதைச் செய்வது இப்படி. கண்ணாடி இழை வடிதாள், ஜிஎஃப்/எஃப் வகை, தாங்கியில் பொருத்துங்கள். பம்பின் குழாயைக் கழற்றி எட்டாத இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் கை போகும். மாதிரியைப் புனலின் சுவரோடு மெதுவாக வழியவிடுங்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும். முதல் மூன்றரை மில்லியை மட்டும் பிடித்துக்கொண்டு நிறுத்துங்கள். புனலில் எப்போதும் கொஞ்சம் நீர் மிச்சம் இருக்கட்டும். தாள் காய்ந்து காற்றுப் பட்டால், ஒட்டியிருக்கும் செல்கள் அந்த இடத்திலேயே வெடிக்கும். டீ வடிகட்டியில் தூளைக் கரண்டியால் அழுத்திப் பிழிகிறோமே, அதற்கு நேர் எதிரான மனநிலை வேண்டும்.

பிடித்த நீரில் உடனே கந்தக அமிலம் சில துளிகள் விடுங்கள். பாக்டீரியா வேலையை நிறுத்தும், டிஎம்எஸ்பி அமிலத்தில் நிலையாக இருக்கும், ஏற்கெனவே இருந்த டிஎம்எஸ் நாளாவட்டத்தில் போய்விடும். ஒரு விதிவிலக்கு: நீரில் ஃபியோசிஸ்டிஸ் இருந்தால் நேரடியாக அமிலம் ஊற்றுவது பொய்யான எண் தரும். அதற்குச் சூடாக்கிப் பதப்படுத்தும் மாற்று முறை இருக்கிறது.

அளவீடு 1-ஆம் படியின் விரிவாக்கம்தான். சிறிய குப்பியில் மாதிரியை விட்டு, காரத்தைக் கூட்டி, உடனே மூடி, வெளிவரும் டிஎம்எஸ்ஸை மந்த வாயுவால் அடித்து, திரவ நைட்ரஜனில் மூழ்கிய குழாயில் உறையவைத்து, பிறகு சூடாக்கி, கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்பிக்குள் அனுப்புவது. சுடர் ஒளி உணரி பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதன் துலங்கல் நேர்கோடு அல்ல, கந்தக அளவின் இருமடிக்கு நெருக்கமாகப் போகும். இரண்டு அச்சும் மடக்கையாக இருக்கும் வரைபடத்தில் அளவுத்திருத்தம் செய்யாவிட்டால் குறைந்த செறிவுகள் எல்லாம் தவறாகும்.

டிஎச்பிஎஸ் ஆவியாகாது, இந்த முறைக்கு அகப்படாது. திரவ நிறப்பகுப்பியும் நிறை நிறமாலைமானியும் வேண்டும். கடல்நீரில் கரைந்த நிலையில் உப்பு அதை மறைத்துவிடும். தொடக்கத்தில் வடிதாளில் தங்கிய செல்களுக்குள் இருப்பதை மட்டும் அளந்தால் போதும்.

படி 6: இருப்பைப் பார்க்காதீர்கள், வரத்தைப் பாருங்கள்

கரைந்த டிஎம்எஸ்பி குறைவு என்றதும் பரிமாற்றமும் குறைவு என்று நினைத்துவிடக்கூடாது. அன்றாடங்காய்ச்சியின் சட்டைப்பையை ராத்திரி பத்து மணிக்குத் துழாவினால் என்ன இருக்கும்? காலையில் வந்தது மாலைக்குள் போயிருக்கும். டிஎம்எஸ்பியும் அப்படித்தான், வந்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறது.

வேகத்தை அளக்கச் சிறந்த வழி கந்தகம்-35 பொருத்திய டிஎம்எஸ்பி. நீரில் ஏற்கெனவே இருப்பதைவிட மிக மிகக் குறைவாகச் சேர்த்து, சில நிமிட இடைவெளிகளில், அந்தக் கதிரியக்கக் கந்தகம் எங்கே போகிறது என்று பின்தொடர வேண்டும். புரதத்திலா, டிஎம்எஸ்ஸிலா, கரைந்த சல்ஃபேட்டாகவா? இதன் அரை ஆயுள் சுமார் 87 நாள், வாங்கிவைத்துவிட்டு விடுமுறைக்குப் போனால் நஷ்டம். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்ற ஆய்வகத்தில்தான் செய்ய முடியும்.

அனுமதி இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கிளைசின் பீட்டைனைக் கூடுதலாகச் சேர்த்தால் அது டிஎம்எஸ்பி உள்ளே போகும் வாசலில் கூட்டம் போட்டு வழியை அடைக்கும். பாக்டீரியாவால் தின்ன முடியாத டிஎம்எஸ்பி நீரில் ஏறத்தொடங்கும். ஏறும் வேகம்தான் தின்னும் வேகம், தோராயமாக.

இப்படிப்பட்ட அளவீடுகளிலிருந்துதான், கடல் பாக்டீரியாக்களின் கந்தகத் தேவையின் பெரும்பகுதியை டிஎம்எஸ்பி ஒன்றே நிறைவேற்ற முடியும் என்ற முடிவு வந்தது.

மரபணு வெளிப்பாடும் பார்க்க விரும்பினால் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. பாக்டீரியாவின் தூது ஆர்என்ஏ சில நிமிடங்களில் சிதைந்துவிடும், எனவே வேகமாக வடிகட்டி உடனே உறையவைக்க வேண்டும். டிஎம்எஸ்பிக்கோ மெதுவாகச் சொட்டவிட வேண்டும். இரண்டையும் ஒரே வடிதாளில் எடுக்க முயலாதீர்கள். இரண்டு குடுவை, இரண்டு ஆள்.

படி 7: நட்பு முறியும்வரை காத்திருங்கள்

ஏழு நாளில் பரிசோதனையை முடித்துவிட்டு, "பரஸ்பர உதவி" என்று தலைப்பு வைத்த ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கூடவே இருந்து குழிபறிப்பது நம் ஊர்க் கதைகளில் மட்டும் நடப்பதல்ல.

சல்ஃபிட்டோபாக்டர் டி7 என்ற பாக்டீரியா எமிலியானியாவோடு ஒன்றாக வளரும். டிஎம்எஸ்பியைத் தின்று மெத்தேன்தயோல் விடும். கொஞ்ச நாள் கழித்து அதே பாசியைக் கொல்லத் தொடங்கும். வெளியிலிருந்து டிஎம்எஸ்பியைக் கூட்டினால் கொலை முந்தி வருகிறது என்று 2018-இல் காட்டினார்கள். பசியாற்றிய பொருளே பாக்டீரியாவுக்குக் கத்தியை எடுக்கச் சொல்லும் சைகையாகவும் இருக்கிறது.

இன்னொன்று ஃபியோபாக்டர். முதலில் பாசிக்கு வேண்டாத பாக்டீரியாக்களை விரட்டும் நுண்ணுயிர்க்கொல்லியைத் தருகிறது, அதிலும் கந்தகம் உண்டு. பாசி முதுமையடைந்து பி-கூமாரிக் அமிலம் கசியத் தொடங்கியதும், அதே பாக்டீரியா ரோசியோபாக்டிசைடு என்ற கந்தகம் கொண்ட நஞ்சுகளைச் செய்து பாசியையே தாக்குகிறது. 2011-இல் வெளியானது.

ஆகவே எமிலியானியாவோடு வேலை செய்பவர்கள் மூன்று வாரமாவது ஓட்டுங்கள். எண்ணிக்கை உச்சம் தொட்ட பிறகு சரிவதை, பாக்டீரியா இல்லாத குடுவையின் சரிவோடு ஒப்பிடுங்கள். கடலில் இதோடு வைரஸும் மேய்ச்சல் விலங்குகளும் சேர்ந்துகொள்ளும். மேயும் உயிரி எமிலியானியாவைக் கடிக்கும்போது, தனித்தனியாக இருந்த டிஎம்எஸ்பியும் நொதியும் கலந்து டிஎம்எஸ் பீறிடுவது 1997-லேயே பதிவானது. வெங்காயம் நறுக்கினால் கண் எரிவதற்கும் இதே தந்திரம்தான், அங்கேயும் கந்தகம்தான்.

படி 8: வானத்தைப் பற்றி அளவோடு பேசுங்கள்

ஆய்வேட்டின் முன்னுரையில் எல்லோரும் எழுதுவது: டிஎம்எஸ் காற்றில் கலந்து, துகளாகி, மேகத்துக்கு விதையாகிறது. ஜேம்ஸ் லவ்லாக் 1972-இல் கடல்நீரில் டிஎம்எஸ்ஸைக் காட்டினார். 1987-இல் நான்கு பேரின் பெயர்களின் முதலெழுத்துகளால் கிளா எனப்பட்ட கருதுகோள், பாசிகள் மேகம் வழியாகப் பூமியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தலாம் என்றது. 2011-இல் அதற்கு எதிரான வலுவான விமரிசனம் வந்தது, குறிப்பாக மேகத் துகள்களுக்கு வேறு பல மூலங்கள் இருக்கின்றன என்று. கடலிலிருந்து வருடத்துக்கு ஏறத்தாழ 2.8 கோடி டன் கந்தகம் டிஎம்எஸ்ஸாக மேலே போகிறது என்பது அதே வருடத்தில் வந்த மதிப்பீடு.

பெரிய எண்தான். ஆனால் கடலில் உருவாகும் டிஎம்எஸ்பியோடு ஒப்பிட்டால் காற்றுக்குத் தப்புவது சிறு பங்கு. மீதியெல்லாம் நீருக்குள்ளேயே கைமாறித் தீர்ந்துபோகிறது. மேகத்தைப் பற்றி இரண்டு வரியும் நீருக்குள் நடப்பதைப் பற்றி இருபது பக்கமும் எழுதுவதுதான் சரியான விகிதம் என்பது என் கட்சி.

கையில் காசில்லாத ஆய்வகத்துக்கு

நிறப்பகுப்பியும் நிறை நிறமாலைமானியும் இல்லையே என்று கேட்டு எழுதுபவர்கள் நிறைய. 4-ஆம் படிக்கு அவை எதுவும் வேண்டாம். நுண்ணோக்கி, எண்ணும் கண்ணாடி, சில அகார் தட்டுகள், ஆட்டோகிளேவ், ஒளி அலமாரி இருந்தால் ஐந்து குடுவைப் பரிசோதனையை முழுசாக ஓட்டலாம். கண்ணாடிப் பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள், பி12 பைக்கோமோலார் அளவில் ஒட்டியிருந்தாலே டயாட்டம் கண்டுபிடித்துவிடும். மூன்றாவது குடுவையும் நான்காவது குடுவையும் எந்த நாளில் பிரிகின்றன என்று பார்த்துக் குறித்துவையுங்கள். அந்த நாள் தெரிந்த பிறகு, அதற்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் எடுத்து உறையவைத்த வடிதாள்களை மட்டும் கருவி இருக்கும் இடத்துக்கு உலர் பனியில் அனுப்பினால் செலவு தாங்கும்.